கோலேந்திய நங்கை

‘கண்டக்டர்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் தோன்றுபவர், தோளில் பையும் வாயில் விசிலுமாகப் பஸ்ஸில் நிற்பவர்தாம். பௌதிகம் படிக்கும் நண்பர்களுக்குச் செப்புக் கம்பியும் நினைவுக்கு வரலாம். மேனாட்டு இசையிலோ மூன்றாவதாக ஒரு கண்டக்டர் உண்டு. சபையோருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சிறு மேடைமேல் நின்று, கையில் மெல்லிய கோல் ஒன்றை வைத்து அசைப்பவர் அவர். 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறிய பிறகு, நம் விடுதிப் பேச்சுகளிலும் சிம்பொனி என்ற சொல் அடிபடத் தொடங்கியிருக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. ‘வாசிப்பவர்கள் எல்லாரும் எதிரே உள்ள தாளைப் பார்த்துத்தானே வாசிக்கிறார்கள்? கோலை ஆட்டும் இவருக்கு என்ன வேலை?’ என்பதே அது.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை கண்டால் மற்றொரு கேள்விக்கும் விடை கிடைக்கும். அந்தச் சிறு மேடைமேல் பெண்கள் ஏன் இத்தனை காலம் ஏறவில்லை என்பதே அந்த இரண்டாவது கேள்வி. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரச் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தன் இசைத் தலைவராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தது. லித்துவேனியா நாட்டைச் சேர்ந்த அவர் பெயர் மிர்கா கிராஜினீட்டே-டீலா. அப்போது அவருக்கு வயது 29. இச்செய்தியைப் பல நாட்டுப் பத்திரிகைகளும் பெரிதாக வெளியிட்டன. ஓர் இசைக்குழு தனக்குத் தலைவரைத் தேடிக்கொள்வது நாள்தோறும் நடக்கும் காரியந்தானே? அதில் செய்தி என்ன? பார்ப்போம்.

தாளும் ஸ்கோரும்

பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்பது 80 பேர் முதல் 100 பேர் வரை ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் சபை. கண்டக்டருக்கு அருகே இரு பிரிவாக வயலின்கள். அவற்றோடு வியோலா, செல்லோ, ஆளுயரம் உள்ள டபிள் பாஸ். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் முதலிய துளைக்கருவிகள். அவற்றுக்கும் பின்னால் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன் முதலிய பித்தளைக் கருவிகள். கடைசி வரிசையில் முரசு வகைகள்.

இவர்கள் ஒவ்வொருவர் முன்னும் தாள் இருப்பது உண்மையே. ஆனால், அதில் இருப்பது அவரவர் பங்கு மட்டுந்தான். வயலின்காரர் தாளில் டிரம்பெட்டின் வரி இராது. எல்லாருடைய பங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட முழுப் புத்தகத்துக்கு ஸ்கோர் என்று பெயர். அது கண்டக்டர் முன்னால் இருக்கும். ஒரு பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட வரிகளும் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனக்காதால் கேட்டுப் பழகியவரே கண்டக்டராக முடியும்.

ஓர் உதாரணம் காட்டினால் விளங்கும். 1893ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அரங்கேறிய ட்வோர்ஷாக்கின் ‘புது உலக’ சிம்பொனி ஏறத்தாழ 40 நிமிஷம் நீள்வது. அதில் பித்தளைத் தாளம் தட்டுபவருக்கு வேலை ஒரே ஒரு தட்டுதான். அதுவும் நான்காம் பகுதியில் வருகிறது. அதுவரை அவர் ஆவர்த்தங்களை எண்ணிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு தட்டு ஒரு கணம் முந்தினாலோ பிந்தினாலோ அரங்கம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். அவ்வேளையில் அவருக்கு ஒரு கண்ணசைவு வேண்டும். அதைக் கொடுப்பவர் கண்டக்டர்.

நம் கச்சேரியை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். பாடுபவரே தொடையில் தாளம் போட்டுக்கொள்கிறார். வயலின்காரரும் மிருதங்கக்காரரும் கையெட்டும் தொலைவில் இருக்கிறார்கள். நாலைந்து பேருக்குள் கண்ணும் காதும் போதும். பரதநாட்டிய மேடையில் ஆட்டத்தையும் பாட்டையும் கைத்தாளத்தால் இணைக்க நட்டுவனார் வேண்டியிருக்கிறார். கண்டக்டர் ஒருவகையில் நட்டுவனாருக்கு உறவு என்று சொல்லலாம். ஆயினும் நட்டுவனாரின் தாளம் நம் காதில் விழுகிறது. கண்டக்டரின் கோல் ஓசையே எழுப்புவதில்லை. மேடையில் உள்ள நூறு பேரில் ஓசை எழுப்பாத கலைஞர் அவர் ஒருவரே.

முற்காலத்தில் அக்கோல் ஓசை எழுப்பியதும் உண்டு. பிரெஞ்சு அரசவையில் இருந்த லுல்லி என்ற இசைப்புலவர், கனமான தடியால் தரையைத் தட்டித் தாளம் காட்டுவார். ஒருநாள் தடி அவர் காலிலேயே பட்டுவிட்டது. புண் புரையோடி, 1687ஆம் ஆண்டில் அவர் இறந்தார். பிறகு ஆர்க்கெஸ்ட்ராக்கள் சிறியனவாக இருந்தவரை, முதல் வயலின்காரரோ பியானோ போன்ற கருவியை வாசிப்பவரோ தலையசைத்து நடத்தி வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆட்கள் பெருகினார்கள், இசையும் சிக்கலாயிற்று. 1835இல் லைப்சிக் நகர இசைக்குழுவின் பொறுப்பை ஏற்ற மெண்டல்ஸான் போன்றவர்கள் காலத்தில், வாத்தியம் வாசிக்காமல் கோலை மட்டும் ஏந்தி நடத்தும் முறை வேரூன்றியது.

காதை நம்பினால் போதாதா?

‘ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு வாசித்தால் என்ன?’ என்று கேட்கலாம். இங்கே நாம் படிக்கும் பௌதிகம் குறுக்கே நிற்கிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி அத்தொலைவைக் கடக்க ஏறத்தாழ 0.06 நொடி ஆகும். இது அற்பமான காலம் என்று எண்ண வேண்டா. நிமிஷத்துக்கு 120 தட்டு என்ற நடையில் ஒரு தட்டுக்கு அரை நொடி. அதற்குள் நான்கு ஸ்வரங்கள் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.125 நொடி. ஆக, கடைக்கோடியில் இருப்பவர் காதை மட்டும் நம்பி வாசித்தால் ஏறத்தாழ அரை ஸ்வரம் பின்தங்கிவிடுவார். அவரைக் கேட்டு வாசிப்பவர் இன்னும் பின்தங்குவார்.

ஒளிக்கு இந்தத் தாமதம் இல்லை. கோலின் நுனியை அனைவரும் ஒரே கணத்தில் காண்கிறார்கள். எனவே, காதுக்கு உரிய கலையில் கண்ணின் துணை வேண்டியதாகிறது.

தாளம் காட்டுவதோடு வேலை முடிந்துவிடுமானால் ஓர் இயந்திரத்தை நிறுத்தி வைத்துவிடலாம். வேலையின் பெரும்பகுதி ஒத்திகையில்தான் நடைபெறுகிறது. இந்த இடத்தில் குழலின் குரல் மேலே வரவேண்டுமா, வயலினா? ‘மெதுவாக’ என்று ஆசிரியர் எழுதியிருக்கிறாரே, எவ்வளவு மெதுவாக? பித்தளைக் கருவிகள் மற்றவர்களை மூழ்கடிக்காமல் இருக்க எந்த அளவில் ஊத வேண்டும்? இப்படி நூற்றுக்கணக்கான முடிவுகளை ஒருவர் எடுத்தாக வேண்டும். நூறு பேர் நூறு கருத்துச் சொன்னால் இசை பிறவாது. சந்தை இரைச்சல்தான் பிறக்கும்.

அரங்கேற்றத்தில் வலக்கை பெரும்பாலும் தாளத்தைக் காட்டும். இடக்கை உணர்ச்சியைக் காட்டும். இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. முதல் ஸ்வரம் ஒலிப்பதற்கு முந்திய கையசைவிலேயே அதன் வேகம், வலிமை, குணம் அனைத்தும் அடங்கியிருக்க வேண்டும். கண்டக்டர் மூச்சை இழுக்கும் முறையைப் பார்த்தே ஊதுபவர்களும் மூச்சை இழுக்கிறார்கள். ஆகவே, கண்டக்டரின் மொழி அவர் உடலே என்று சொல்லலாம்.

கைவசம் இல்லாத வாத்தியம்

வீணை கற்பவர் வீட்டில் உட்கார்ந்து விடியற்காலையில் சாதகம் செய்யலாம். அண்டை வீட்டார் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். வயலின்காரருக்கும் அப்படியே. கண்டக்டரின் வாத்தியமோ 80, 90 மனிதர்கள் அடங்கிய கூட்டம். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. நாள் வாடகைக்கு எடுக்க மாணவர் எவருக்கும் வசதி இராது. ஸ்கோரைப் படிக்கலாம், கண்ணாடி முன் நின்று கையை அசைக்கலாம். ஆனால், ‘நான் காட்டிய அசைவுக்கு எழுந்த ஒலி சரியா?’ என்று அறிய, உண்மையான ஆர்க்கெஸ்ட்ரா எதிரே இருந்தாக வேண்டும்.

விஞ்ஞான மாணவர்களுக்கு இது புதிதன்று. கணிதம் படிப்பவருக்குத் தாளும் பேனாவும் போதும். சோதனை வழியில் ஆராய்பவருக்கு யாரேனும் கருவியைத் திறந்துவிட்டு, ‘இன்று பிற்பகல் உன் முறை’ என்று சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் சொல்லும் வரை அவர் திறமை அவருக்கே தெரியாது. கண்டக்டரின் நிலை அதைவிடக் கடினம். அவருக்கு வேண்டிய கருவிக்குக் கண் உண்டு, கருத்து உண்டு, வெறுப்பும் உண்டு.

ஆகவே, கண்டக்டராவதற்கு ஒருவர் முதலில் பெற வேண்டியது கடன். ஓர் இசைக்குழு தன்னையே அவருக்குச் சில மணி நேரம் கடனாகத் தரவேண்டும். கடன் கொடுப்பவர் யாரை நம்புவார்? முன்பு வாங்கித் திருப்பியவர்களைப் போன்ற தோற்றம் உடையவரை நம்புவார். ஆண்களே அந்த மேடையில் நின்று பழகிவிட்ட உலகில், இளைஞன் ஒருவன் வந்தால் ‘நாளைய மேதை’ என்றார்கள். இளம்பெண் வந்தால் ‘பார்க்கலாம்’ என்றார்கள்.

இளமை ஆண்களுக்குத் தடையாக இருந்ததில்லை என்பதற்குச் சான்றுகள் பல. நம் பம்பாயில் 1936இல் பிறந்த ஜூபின் மேத்தா, 1962இல் தம் 26ஆம் வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் தலைமையை ஏற்றார். அதே ஆர்க்கெஸ்ட்ராவை 2009இல் ஏற்றபோது வெனிசுவேலாவின் துடமெலுக்கு வயது 28. பின்லாந்தின் கிளாவுஸ் மேக்கலா 2020இல் ஆஸ்லோ பில்ஹார்மோனிக்கின் பொறுப்பை ஏற்றபோது வயது 24.

திரை மறைவில் கிடைத்த நீதி

வாத்தியம் வாசிக்கும் பெண்களுக்கும் ஒரு காலத்தில் கதவு திறக்கவில்லை. 1882இல் தோன்றிய பெர்லின் பில்ஹார்மோனிக் முதன்முதலாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது 1982இல். சரியாக நூறு ஆண்டுகள்! 1842இல் தோன்றிய வியன்னா பில்ஹார்மோனிக் 1997ஆம் ஆண்டில்தான் பெண்களை உறுப்பினராக ஏற்க இசைந்தது.

இவர்கள் விஷயத்தில் உதவிக்கு வந்தது எளிய சாதனம் ஒன்று: திரை. தேர்வுக்கு வருபவர் திரைக்குப் பின்னால் அமர்ந்து வாசிப்பார். தேர்வாளர்களுக்கு ஒலி மட்டும் கேட்கும்; ஆளும் தெரியாது, பெயரும் தெரியாது. பாஸ்டன் சிம்பொனி 1952இலேயே இதைச் செய்து பார்த்தது. நடந்து வரும்போது குதிகால் செருப்பின் ஓசை பெண் என்று காட்டிக்கொடுக்குமே என்று, தரையில் கம்பளம் விரித்த இடங்களும் உண்டு. அமெரிக்காவின் தலைசிறந்த ஐந்து ஆர்க்கெஸ்ட்ராக்களில் 1970இல் பெண்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு; 1990களில் 20 பேருக்கு மேல். கிளாடியா கோல்டின், சிசீலியா ரௌஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவ்வளர்ச்சியில் திரைக்குப் பங்கு உண்டு என்றது. எவ்வளவு பங்கு என்பதில் பின்வந்த புள்ளிவிவர அறிஞர்கள் சிலர் மாறுபட்டார்கள். எனினும், ஆளைப் பாராமல் ஒலியைக் கேட்பது நியாயமான வழி என்பதை மறுப்பார் இலர்.

இந்த வழி கண்டக்டருக்குப் பயன்படுமா? படாது. உடலே மொழியாக இருப்பவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி எப்படித் தேர்வு செய்வது? மற்ற எல்லாருக்கும் கைகொடுத்த நீதி இவருக்கு மட்டும் கிட்டாது. அதனால்தான் வயலின் வரிசைகளில் பெண்கள் நிறைந்த பிறகும் அச்சிறு மேடை மட்டும் ஆண்கள் கையிலேயே இருந்தது.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. கையை ஓங்கி அசைக்கும் ஆணைக் கண்டால் ‘கம்பீரம்’ என்பவர்கள், அதே அசைவைப் பெண் செய்தால் ‘கடுமை’ என்பார்கள். மென்மையாக அசைத்தால் ‘வலிவில்லை’ என்பார்கள். ஒரே அசைவுக்கு இரு பொருள் கொள்ளும் இவ்வழக்கத்தை அமெரிக்கக் கண்டக்டர் மாரின் ஆல்சப் பல பேட்டிகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

முன்னே சென்றவர்கள்

திறமையுள்ள பெண்கள் பிறக்காமல் இல்லை. 1902இல் ராட்டர்டாமில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அன்டோனியா பிரிக்கோ, 1930இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கை நடத்தினார். 1938இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கையும் நடத்தினார். இடையில் 1934இல், பெண்களே அடங்கிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றை நியூயார்க்கில் அமைத்தார். கடன் கொடுப்பார் இல்லாததால் தாமே வங்கி தொடங்கியதைப் போன்றது அது! ஆனால், பெரிய ஆர்க்கெஸ்ட்ரா எதுவும் அவரை நிரந்தரத் தலைவராக அழைக்கவில்லை. டென்வர் நகரில் குடியேறி, பியானோ கற்பித்துக்கொண்டும், தொழில்முறையினர் அல்லாத குழுவை நடத்திக்கொண்டும் பல்லாண்டுகளைக் கழித்தார். 1974இல் அவரைப் பற்றிய செய்திப்படம் வெளிவந்த பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது 70க்கு மேல் ஆகிவிட்டது. அவர் 1989இல் மறைந்தார்.

பிரிக்கோவுக்குக் கிட்டாதது மாரின் ஆல்சப்புக்குக் கிட்டியது. அதுவும் எளிதில் அன்று. 2002இல் அவர் இங்கிலாந்தில் போர்ன்மவுத் சிம்பொனியின் முதன்மைக் கண்டக்டரானார். 2005இல் அமெரிக்காவின் பால்டிமோர் சிம்பொனி அவரை இசைத் தலைவராக நியமித்தது. உடனே வாத்தியக்காரர்கள், ‘அவசரம் வேண்டா, இன்னும் தேடுங்கள்’ என்று பகிரங்கமாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆல்சப் அவர்களை நேரில் சந்தித்துப் பேசிவிட்டு 2007இல் பொறுப்பேற்றார். 2021 வரை அப்பதவியில் இருந்தார். 1895இல் லண்டனில் தொடங்கிய பிராம்ஸ் இசைவிழாவின் இறுதி இரவை நடத்திய முதற்பெண்ணும் அவரே. அது நடந்தது 2013இல்.

தாம் ஏறியதும் ஏணியை எடுத்துவிடாதவர் ஆல்சப். 2002இலேயே இளம் பெண் கண்டக்டர்களுக்காக உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். அனுபவம் உள்ளவர் வழிகாட்ட, அவர்கள் ஆர்க்கெஸ்ட்ரா முன்பு நின்று பழக வேண்டும் என்பது அதன் நோக்கம்.

வில்னியஸிலிருந்து பர்மிங்ஹாம் வரை

இனி மிர்காவிடம் வருவோம். 1986இல் லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸில், இசைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை பாடகர் குழுவை நடத்துபவர். இசைப் பள்ளியில் சேர விரும்பிய வயதில் மிர்காவுக்கு எந்த வாத்தியத்திலும் பயிற்சி இல்லை. வாத்தியப் பயிற்சி இல்லாதவர்களுக்கு இருந்த ஒரே பிரிவு, பாடகர் குழுவை நடத்தும் கலை. அதில் சேர்ந்தார். 13ஆம் வயதில் முதன்முதலாக ஒரு பாடகர் குழுவின் முன்னே நின்றார். மனிதக் குரல்களே அவருடைய முதல் வாத்தியம். பெயரின் இறுதியில் உள்ள ‘டீலா’ என்பது அவரே சேர்த்துக்கொண்டது. லித்துவேனிய மொழியில் அச்சொல்லுக்கு ‘மௌனம்’ என்று பொருள். ஓசை எழுப்பாத கலைஞருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பயின்றார். லைப்சிக்கிலும் ஜூரிக்கிலும் படிப்பைத் தொடர்ந்தார். 2012இல் சால்ஸ்பர்க் இசைவிழாவின் இளங்கண்டக்டர் பரிசைப் பெற்றார். ஹைடல்பர்க், பெர்ன் நகர நாடக அரங்குகளில் இரண்டாம் நிலை, முதல் நிலைக் கண்டக்டராகப் பணியாற்றினார். லாஸ் ஏஞ்சல்ஸில் துடமெலின் கீழ்ப் பயிற்சியாளராகச் சேர்ந்து, பிறகு துணைக் கண்டக்டரானார். 2015இல் சால்ஸ்பர்க் மாநில அரங்கின் இசைத் தலைவரானார்.

இந்தப் பட்டியலைச் சற்று ஊன்றிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அவருக்குக் குழு ஒன்றைக் கடனாகக் கொடுத்திருக்கிறார். பிரிக்கோவுக்கு இடையில் அறுந்துபோன சங்கிலி இவருக்கு அறுபடவில்லை. ‘29 வயதில் இவ்வளவு பெரிய பதவியா?’ என்று வியப்பவர்கள், அதற்குப் பின்னே 13ஆம் வயதிலிருந்து 16 ஆண்டுகள் இருந்ததை மறக்கலாகாது.

பர்மிங்ஹாம் ஆர்க்கெஸ்ட்ராவும் சாதாரணமானதன்று. 1920இல் அதன் தொடக்க விழாக் கச்சேரியை நடத்தியவர் புகழ்பெற்ற இசைப்புலவர் எல்கார். 1980இல் 25 வயதே ஆன சைமன் ராட்டிலைத் தலைவராக்கி, 18 ஆண்டுகள் அவரோடு வளர்ந்து உலகப் புகழ் எய்தியது அந்தக் குழு. அவருக்குப் பின் 1998இல் வந்த சக்காரி ஒராமோவுக்கு அப்போது வயது 32. 2008இல் வந்த ஆந்திரிஸ் நெல்சன்ஸுக்கு வயது 29. இளையவர்களை நம்பிக் கடன் கொடுத்து, வட்டியும் முதலுமாகத் திரும்பப் பெற்ற குழு அது. மிர்கா 2015 ஜூலையிலும் 2016 ஜனவரியிலும் விருந்தினராக வந்து அவர்களை நடத்தினார். அந்த இரண்டு வருகைகளுக்குப் பின், பிப்ரவரியில் நியமனம் அறிவிக்கப்பட்டது. இளையவரை நம்பும் பழைய வழக்கத்தைப் பெண்ணுக்கும் நீட்டியது மட்டுமே பர்மிங்ஹாம் புதிதாகச் செய்த காரியம். சொல்வதற்கு எளிது, அதற்கு ஆன காலமோ 96 ஆண்டுகள்!

2016 ஆகஸ்டில் பிராம்ஸ் விழாவில் அவர் தம் புதிய குழுவோடு சைக்கோவ்ஸ்கியின் நான்காம் சிம்பொனியை நடத்தினார். செப்டம்பரில் முறைப்படி பொறுப்பேற்றார்.

கடன் வீண்போகவில்லை

கொடுத்த கடனை அவர் எவ்வாறு திருப்பினார்? எல்லாரும் அறிந்த பெரும்புலவர்களின் இசையை மட்டும் நடத்திப் பெயர் வாங்கியிருக்கலாம். அவரோ மறக்கப்பட்டவர்களைத் தேடிச் சென்றார். மெச்சிஸ்வாவ் வைன்பர்க் என்ற இசைப்புலவர் 1919இல் வார்சா நகரில் பிறந்த யூதர். 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பி சோவியத் யூனியனுக்கு ஓடினார். பெற்றோரும் தங்கையும் கொல்லப்பட்டார்கள். 1996இல் மாஸ்கோவில் இறக்கும் வரை ஏராளமாக எழுதிக் குவித்தார். மேலை நாடுகளில் கேட்டவர்கள் சிலரே. வார்சா யூதச் சேரியில் மாண்டவர்களின் நினைவுக்கு அவர் எழுதிய 21ஆம் சிம்பொனியைப் பர்மிங்ஹாம் குழுவோடு மிர்கா நடத்தினார். அதன் இசைத்தட்டு 2019இல் வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றது. அதை வெளியிட்ட ஜெர்மானிய நிறுவனமான டாய்ச் கிராமபோன், அவ்வாண்டில்தான் தன் நீண்ட வரலாற்றில் முதன்முறையாக ஒரு பெண் கண்டக்டரோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்பெண் இவரே.

2021இல், தலைமைப் பதவியின் நிர்வாகப் பொறுப்புகளிலிருந்து விலக விரும்புவதாக அவர் அறிவித்தார். 2022இல் பதவியை விட்டார். அடுத்த ஓராண்டு அதே குழுவுக்கு முதன்மை விருந்தினர் கண்டக்டராக வந்து போனார். 2023இல் ஜப்பானியரான கசுக்கி யமடா முதன்மைக் கண்டக்டராக வந்தார். ‘பார்த்தீர்களா, நிலைத்து நிற்கவில்லையே!’ என்று சிலர் சொல்லக்கூடும். அவருக்கு முன் இருந்த நெல்சன்ஸ் இருந்ததும் ஏழே ஆண்டுகள். அவர் விலகியபோது ஆண்களால் நிலைத்து நிற்க முடியாது என்று எவரும் சொல்லவில்லை. ஒருவர் வந்தார், நன்றாகச் செய்தார், தம் விருப்பப்படி விலகினார் என்று ஆணைப் பற்றிச் சொல்வதைப் போலவே பெண்ணைப் பற்றியும் சொல்லும் நாள் வரவேண்டும்.

அந்த நாள் இன்னும் முழுமையாக வரவில்லை. பால்டிமோரிலிருந்து 2021இல் ஆல்சப் விலகினார். 2022இல் பிரான்சைச் சேர்ந்த நத்தலி ஸ்டுட்ஸ்மன் அட்லாண்டா சிம்பொனியின் தலைமையை ஏற்றபோது, அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களுக்குள் பெண் தலைமை ஏற்பது இது இரண்டாம் முறை என்றே பத்திரிகைகள் எழுதின. இன்னும் எண்ணிச் சொல்லும் நிலைதான்.

திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். தனியே சாதகம் செய்யக்கூடிய கலைகளில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். பிறர் தம்மை ஒப்படைத்தால்தான் கற்க முடியும் என்ற கலைகளில் அது பாதி உண்மை. அறுவைச் சிகிச்சை அப்படிப்பட்டது. ஆராய்ச்சிக்கூடத் தலைமை அப்படிப்பட்டது. நாட்டை ஆளும் கலையும் அப்படிப்பட்டதே. இவற்றில் ‘அனுபவம் உள்ளவர்தாம் வேண்டும்’ என்று சொல்லும்போது, அந்த அனுபவத்தைப் பெற யாருக்கு இடம் கொடுத்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பிரிக்கோவின் கையில் இருந்ததும் மிர்காவின் கையில் இருந்ததும் அதே எடையுள்ள மெல்லிய கோல்தான். எதிரே அமர்ந்து வாசிக்க ஆர்க்கெஸ்ட்ராக்கள் இசைந்ததில்தான் வேறுபாடு.

அடுத்த முறை சிம்பொனி ஒன்றைக் காணொளியில் பார்க்கும்போது, நண்பர்களே, வயலின்களைவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை அகற்றுங்கள். முதல் ஸ்வரம் எழுவதற்கு முன்னால் கோல் மேலே எழும் அந்தக் கணத்தைக் கவனியுங்கள். எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.